பெரிய வீட்டுக்கு ஹீட் ரெக்கவரி வென்டிலேஷன்: குழாயை முதல்ல பாருங்க, பெட்டியைக் கடைசியா பாருங்க

வீட்டு பிளான் கைக்கு வந்த அன்னைக்கே நான் பண்ண முதல் தப்பு, எந்த கம்பெனி யூனிட் நல்லதுன்னு தேட ஆரம்பிச்சதுதான். ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரியா உக்காந்து ப்ரோஷரா படிச்சுத் தள்ளினேன், இது சூட்டை 86 சதவீதம் மீட்கும், அது 92 சதவீதம், இன்னொண்ணுல டச் ஸ்க்ரீன் இருக்கு, அதுக்கு ஆப் இருக்குன்னு ஒரு பெரிய அட்டவணையே போட்டு வச்சிருந்தேன். குடி வந்து ரெண்டு குளிர் காலம் ஓடிடுச்சு. இப்ப யோசிச்சா அந்த அட்டவணையில இருந்த எதுவும் எங்க நிம்மதியைத் தீர்மானிக்கல, நான் அட்டவணையிலயே சேர்க்காத விஷயங்கதான் தீர்மானிச்சுச்சு. அதைத்தான் இங்க ஒவ்வொண்ணா வச்சு ஒப்பிட்டுப் பாக்கப் போறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. குளியலறை, சமையலறை, டாய்லெட், துணி துவைக்கிற ரூம் இங்கேர்ந்தெல்லாம் ஈரமான பழைய காத்தை ஒரு ஃபேன் உறிஞ்சி வெளிய தள்ளும், இன்னொரு ஃபேன் வெளிக் காத்தை ஃபில்டர் பண்ணி பெட்ரூம், ஹாலுக்கு அனுப்பும். நடுவுல ஹீட் எக்ஸ்சேஞ்சர்னு ஒரு கட்டை, மெல்லிசான தகடு தகடா அடுக்கி இருக்கும், ஒரு பக்கம் சூடான காத்து போகும் இன்னொரு பக்கம் குளிர்ந்த காத்து வரும், ரெண்டும் கலக்காது, சூடு மட்டும் கைமாறும். புது டெக்னாலஜின்னு நினைச்சா அதுவும் இல்ல, கனடாவுல ரெஜைனாங்கிற ஊர்ல 1977ல கட்டின சஸ்காட்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ்லயே இது இருந்துச்சு, 1991ல ஜெர்மனியில டார்ம்ஸ்டட்ல வந்த முதல் பாசிவ் ஹவுஸ்லயும், அதாவது ரொம்பக் கம்மி சக்தியில சூடா இருக்கிற வகை வீட்லயும், இருந்துச்சு.

முதல்ல இது உங்களுக்குத் தேவையான்னு பாத்துடுவோம், ஏன்னா எல்லா வீட்டுக்கும் தேவையில்ல. எல்லாம் சந்து பொந்துல எவ்வளவு காத்து ஒழுகுதுங்கிறதுல இருக்கு. ப்ளோயர் டோர் டெஸ்ட்னு ஒண்ணு பண்ணுவாங்க, கதவுல ஃபேனை மாட்டி 50 பாஸ்கல் அழுத்தத்துல வீட்டுக் காத்து மணிக்கு எத்தனை தடவை மாறுதுன்னு அளப்பாங்க. அந்த எண்ணை 20ஆல வகுத்தா சாதாரண நாள்ல தானா ஒழுகுற அளவு தோராயமா கிடைக்கும். எங்க வீடு 380 சதுர மீட்டர், கூரை உயரம் ரெண்டரை மீட்டர், ஆக 950 கன மீட்டர் காத்து. டெஸ்ட்ல 6 வந்திருந்தா மணிக்கு 285 கன மீட்டர் தானாவே ஒழுகியிருக்கும். அதுக்கு மேல ஒரு மெஷினையும் போட்டா, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி செஞ்ச கதைதான், ஒழுகுற காத்துல இருந்து யாரும் சூட்டைத் திருப்பி எடுக்க முடியாது. டெஸ்ட்ல 1 வந்தா ஒழுகல் வெறும் 47, அப்பதான் மெஷினுக்கு வேலையே இருக்கு. பாசிவ் ஹவுஸ் கேக்கிறது 0.6. என்னைக் கேட்டா 3க்கு மேல போகும்னு தோணுற வீட்டுக்கு ஈரத்தைப் பாத்து தானா வேகம் கூட்டுற எக்ஸாஸ்ட் ஃபேனை குளியலறையில, சமையலறையில மாட்டி, ஜன்னல்ல சின்ன காத்து வழி விட்டுட்டு, மிச்சப் பணத்தை சந்து அடைக்கிறதுக்கு செலவழிக்கிறதுதான் புத்திசாலித்தனம். அது மட்டமான ஆப்ஷன் கிடையாது, டக்டே, அதாவது காத்துக் குழாயே, வேண்டாம், கெட்டுப் போனா ஒரு ஃபேனை மாத்தினா போச்சு. ஆனா சுவரைத் திறந்து வச்சு சொந்தமா நின்னு கட்டுற ஆளுக்கு ஒழுகலைக் குறைக்கிறது கையில இருக்கிற விஷயம், அதனாலதான் நான் இந்தப் பக்கம் வந்தேன்.

அடுத்து எவ்வளவு காத்து வேணும்ங்கிற கணக்கு. பெரிய வீடு கட்டுற முக்கால்வாசிப் பேர் இங்கதான் சறுக்குறாங்க, நானும் சறுக்க இருந்தேன். மூணு விதமா கணக்குப் போடலாம், மூணும் வேற வேற பதில் சொல்லும். ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர்னு வச்சா எங்க அஞ்சு பேருக்கு 150. வீட்டுக் காத்துல மணிக்கு 0.3 பங்கு மாறணும்னு வச்சா 285. ஈரமான ரூம்களை எண்ணி சமையலறைக்கு 60, நாலு குளியலறைக்கு தலா 40, ரெண்டு டாய்லெட்டுக்கு தலா 20, துவைக்கிற ரூமுக்கு 20ன்னு கூட்டினா 280. முதல் கொட்டேஷன் குடுத்தவங்க பெரிய எண்ணைப் பிடிச்சுக்கிட்டு நாள் முழுக்க அதுலயே ஓடட்டும்னு டிசைன் பண்ணிட்டாங்க. கேட்டா பாதுகாப்புக்கு அதிகமா இருக்கட்டுமேன்னு பதில் வந்துச்சு.

அதிகமா இருந்தா என்ன கேடுன்னு கேக்கலாம். கேடு இருக்கு, காத்து வறண்டு போகும். வெளியில 0 டிகிரி இருக்கிறப்ப ஒரு கன மீட்டர் காத்துல அதிகபட்சம் 4.8 கிராம் ஈரம்தான் நிக்கும், அதையே உள்ள கொண்டாந்து 21 டிகிரிக்கு சூடாக்கினா ஈரப்பதம் வெறும் 26 சதவீதம். அதுக்கு மேல வீட்ல இருக்கிறவங்க குளிச்சு, சமைச்சு, துணி காயப்போட்டு, மூச்சு விட்டுச் சேர்க்கிறதுதான், ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு சுமார் 10 லிட்டர்னு வைங்க. மணிக்கு 300 கன மீட்டர் ஓட்டினா ஈரப்பதம் 34 கிட்ட நிக்கும், 150 ஓட்டினா 41. உதடு வெடிக்கிறதுக்கும் வெடிக்காததுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். சின்ன வீட்ல இந்தப் பிரச்சனை வராது, ஆள் அடர்த்தி அதிகம். ரூம் நிறைய, ஆள் கம்மின்னு கட்டுறவங்களுக்கு வரும்.

அதே சமயம் ரொம்பக் குறைச்சாலும் தலை கனக்கும். 1858லயே மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி, ரூம்ல கார்பன் டை ஆக்சைடு 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 1000 பங்கு, தாண்டக் கூடாதுன்னு சொல்லி வச்சிட்டார். உக்காந்திருக்கிற ஆள் மணிக்கு கிட்டத்தட்ட 20 லிட்டர் விடுறான், அதை 30 கன மீட்டர் காத்துல கரைச்சா 670 பிபிஎம் சேரும், வெளிக் காத்துலயே 420க்கு மேல இருக்கு, ஆக ஆயிரத்துச் சொச்சம். தூங்குறப்ப இன்னும் கம்மியா விடுவோம். ஆளுக்கு 30ங்கிற கணக்கு சும்மா வந்ததில்லன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. அதனால நான் முடிவு பண்ணது இப்படி: டக்டையும் யூனிட்டையும் 285க்கு டிசைன் பண்றது, தினப்படி 170 வாக்குல ஓட்டுறது, குளிக்கிறப்ப சமைக்கிறப்ப மட்டும் வேகத்தைக் கூட்டுற பூஸ்ட்.

யூனிட் சைஸும் இதை ஒட்டித்தான் வரும். 285 வேணும்னா 300 யூனிட் போதும்னு தோணும், போதாது. ஃபேன் வேகத்துக்கும் கரண்டுக்கும் உள்ள உறவு நேர்க்கோடு இல்ல, மூணாம் படி. 60 சதவீத வேகத்துல ஓடுற ஃபேன் முழு வேகத்துல இழுக்கிற கரண்ட்ல அஞ்சுல ஒரு பங்குதான் இழுக்கும், சத்தமும் அடங்கிடும். அதனால 450 வரைக்கும் போற யூனிட்டை வாங்கி மெதுவா ஓட்டுறது நல்லது. ஜெண்டர் கம்ஃபோஏர் கியூ வரிசையில 350, 450, 600ன்னு இருக்கிறது இந்த அதிகபட்ச அளவுதான், மத்த கம்பெனிகள்லயும் பேர்லயோ ஸ்பெக் ஷீட்லயோ இது இருக்கும். அந்த எண்ணை எந்த அழுத்தத்துல சொல்றாங்கன்னு மட்டும் பாத்துக்குங்க, டக்ட் எதுவும் மாட்டாம ஊதிக் காட்டினா எந்த ஃபேனும் பயில்வான்தான்.

இப்ப பெரிய வீட்டுக்கே உரிய கேள்வி: ஒரு பெரிய யூனிட்டா, ரெண்டு சின்ன யூனிட்டா? எங்க வீடு எல் வடிவம், கடைசி பெட்ரூம் யூனிட்டுக்கு 22 மீட்டர் தள்ளி. ரெண்டு போட்டா டக்ட் தூரம் பாதியாகும், விருந்தாளி பக்கத்தை ஆள் இல்லாதப்ப குறைச்சு வைக்கலாம், ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு ஓடும். கேக்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா சுவர்ல ரெண்டு ஓட்டைக்குப் பதிலா நாலு ஓட்டை, நாலையும் காத்து ஒழுகாம அடைக்கணும், எக்ஸ்சேஞ்சர்ல சொட்டுற தண்ணியை வெளியேத்த ரெண்டு கண்டென்சேட் பைப், வருஷத்துக்கு ரெண்டு செட் ஃபில்டர், ரெண்டு தடவை சர்வீஸ். இதெல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு இருக்கு, அதை எனக்கு யாருமே சொல்லல, நானே பிளான்ல பென்சிலை வச்சுக்கிட்டு கண்டுபிடிச்சேன். ஒவ்வொரு யூனிட்டும் தன் பங்குக்கு உறிஞ்சுற அளவும் ஊதுற அளவும் சமமா இருக்கணும். எங்க விருந்தாளி பக்கத்துல மூணு பெட்ரூம், ஒரே ஒரு குளியலறை. 90 ஊதணும், உறிஞ்ச இடம் 40க்குத்தான் இருக்கு. மிச்சக் காத்து நடை வழியா அடுத்த யூனிட் பக்கம் போயிடும், அப்ப இந்த யூனிட்டோட எக்ஸ்சேஞ்சர்ல சூடு குடுக்க ஆள் பத்தாது, அங்க குளிர்ந்த காத்தும் இங்க வீணாப் போற சூடும்னு ஆயிடும். உங்க வீட்ல ரெண்டு பக்கமும் தனித்தனி குளியலறை, சமையல் மேடைன்னு கிட்டத்தட்ட ரெண்டு வீடு மாதிரி இருந்தா தாராளமா ரெண்டு போடுங்க. இல்லன்னா ஒண்ணு. நான் ஒண்ணு போட்டேன், எல் மடங்குற மூலையில இருந்த துவைக்கிற ரூமை அதுக்கு எடுத்துக்கிட்டேன்.

ஒவ்வொரு ரூம்லயும் சுவத்துல சொருகுற தனித்தனி யூனிட்டும் இருக்கு. உள்ள ஒரு செராமிக் கட்டை, ஃபேன் ஒரு நிமிஷத்துக்கு மேல கொஞ்ச நேரம் வெளிய ஊதி கட்டையை சூடாக்கும், அப்புறம் திரும்பி உள்ள இழுத்து அந்த சூட்டை எடுத்துக்கும். ஜோடி ஜோடியா போடணும், ஒண்ணு ஊதினா ஒண்ணு இழுக்கணும். பழைய வீட்டை மாத்திக் கட்டுறவங்களுக்கு வரப்பிரசாதம். 380 சதுர மீட்டர் புது வீட்டுக்கு பத்து பன்னெண்டு ஓட்டை, ஒவ்வொண்ணுலயும் ஃபில்டர், பலமா காத்தடிச்சா சமநிலை போயிடும், தெருச் சத்தம் நேரா தலைமாட்டுக்கு வரும். நான் அஞ்சு நிமிஷத்துல ஒதுக்கிட்டேன்.

சரி, இப்ப குழாய். ரெண்டு வழி. ஒண்ணு மரக் கிளை மாதிரி: யூனிட்ல இருந்து தடிமனான ஸ்டீல் குழாய் கிளம்பி, போகப் போக கிளை பிரிஞ்சு மெலிஞ்சுக்கிட்டே ஒவ்வொரு ரூமுக்கும் போகும். இன்னொண்ணு ஆக்டோபஸ்: யூனிட்ல இருந்து ஒரு பெட்டி, மேனிஃபோல்டுன்னு சொல்றாங்க, அதுல இருந்து ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனியா 75 இல்லன்னா 90 மி.மீ. வளையுற பிளாஸ்டிக் குழாய், உள்பக்கம் வழவழன்னு வெளிப்பக்கம் மடிப்பு மடிப்பா இருக்கும்.

ஸ்டீலோட அழகு என்னன்னா காத்து சிரமமே இல்லாம போகும், ஆயுசு பூரா கெடாது, பிரஷ் விட்டு சுத்தம் பண்ணலாம். 300 கன மீட்டரை 160 மி.மீ. குழாய்ல விட்டா வினாடிக்கு 4 மீட்டர் வேகம், 200 மி.மீ.ல விட்டா 2.7தான், அந்த அடக்கம் காதுக்கே தெரியும். சிக்கல் இடம். 200 மி.மீ. குழாய், அதுக்கு மேல குறுக்க இன்னொரு குழாய் தாண்டணும்னா 40 செ.மீ. கூரை உயரம் போச்சு. ரெண்டாவது சிக்கல் பேச்சு: ஒரே கிளையில ரெண்டு பெட்ரூம் தொங்கினா இந்த ரூம்ல பேசறது அந்த ரூம்ல கேக்கும், ஒவ்வொரு கிளையிலயும் சைலென்சர் போட்டாத்தான் அடங்கும். வேலையும் சும்மா இல்ல, வளைவு வளைவா வெட்டி, ரப்பர் ரிங்கு சரியா உக்காந்துச்சான்னு பாத்து, கைல வெட்டு வாங்கி.

ஆக்டோபஸ் வழியில கட்டுறவன் தானே இழுத்துடலாம். நானும் என் மச்சானும் மூணு சனி ஞாயிறுல முழு வீட்டையும் முடிச்சோம், கிட்டத்தட்ட 400 மீட்டர் குழாய். ஒவ்வொரு ரூமுக்கும் தனிக் குழாய்ங்கிறதால பேச்சு கடக்காது. நடுவுல ஜாயின்ட்டே இல்லாததால கூரைக்குள்ள ஒழுகவும் வழியில்ல. ஆனா ஒரு 75 மி.மீ. குழாய்க்குள்ள உண்மையான விட்டம் 63 வாக்குலதான், அதுல 30 கன மீட்டர் போனாலே வேகம் 2.7 வந்துடும். அதுக்கு மேல வேணும்னா ரெண்டு குழாயா இழுக்கணும், இல்லன்னா 90 மி.மீ. எடுக்கணும். மேனிஃபோல்ட் கிட்ட இருபது குழாய் ஒண்ணா நெருக்கியடிச்சு வரும், அதுக்கு இடம் விடாம சுவரைக் கட்டிட்டா அழுகைதான் வரும்.

இந்த ரெண்டு குழாய் விஷயத்துலதான் நான் மாட்டினேன். பெரிய பெட்ரூமுக்கு 45 வேணும், பிளான்ல ரெண்டு குழாய்னு போட்டிருந்துச்சு, மச்சான் ஏணி மேல நின்னுக்கிட்டு "மாமா, இந்த இரும்பு பீமுக்குக் கீழ ஒண்ணுதான் போகும், ரெண்டாவது இடிக்குது"ன்னான். சாயங்காலம் ஆறு மணி, ரெண்டு பேருக்கும் இடுப்பு விட்டுப் போச்சு, ஒண்ணே போதும் விடுடான்னுட்டேன். குடி வந்த மூணாம் நாள் ராத்திரி என் வீட்டுக்காரி எழுப்புறா, "ஏங்க, யாரோ பக்கத்துல நின்னு மூச்சு விடுற மாதிரியே இருக்குங்க." நான் ஒண்ணும் இல்ல தூங்குன்னேன், அப்புறம் எனக்கும் கேக்க ஆரம்பிச்சிடுச்சு, ஒரு தடவை கேட்டா அப்புறம் அது மட்டும்தான் காதுல விழும். கணக்குப் போட்டேன், 45 கன மீட்டர், ஒரே குழாய், வினாடிக்கு 4 மீட்டர். ரூம்ல காத்து வர வாயில இருக்கிற வால்வை மூடினா சத்தம் விசிலா மாறுது, ஃபேனைக் குறைச்சா மத்த ரூமுக்குப் பத்தல. கடைசியில அலமாரிக்கு மேல பக்கத்துல போர்டை வெட்டி, பீமைச் சுத்திக்கிட்டு ரெண்டாவது குழாயை வேற வழியா கொண்டாந்தேன், மூணு மணி நேரத்துல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை ஒரு வாரமும் ஒரு டப்பா பெயிண்டும் ஆச்சு. பாசிவ் ஹவுஸ் விதியில படுக்கை அறைக்கு 25 டெசிபல்தான் உச்சம்னு வச்சிருக்கிறதோட அர்த்தம் அந்த ராத்திரி விளங்குச்சு.

அதனால என் ஓட்டு ரெண்டும் கலந்ததுக்கு: ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மேனிஃபோல்ட், யூனிட்ல இருந்து அது வரைக்கும் 200 மி.மீ. ஸ்டீல், அதுக்கு முன்னாடி நல்ல நீளமான சைலென்சர், மேனிஃபோல்ட்ல இருந்து ரூம் வரைக்கும் தனித்தனி குழாய். ரெண்டு தளத்துக்கும் ஒரே மேனிஃபோல்ட் வைக்கிறது சின்ன வீட்டுக்கு சரி, பெரிய வீட்ல 25 மீட்டர் குழாயும் 6 மீட்டர் குழாயும் ஒரே பெட்டியில இருந்து கிளம்பினா பேலன்ஸ் பண்றப்ப, அதாவது ஒவ்வொரு ரூமுக்கும் காத்து அளவைச் சரி பண்றப்ப, கிட்டக்க இருக்கிறதைக் கழுத்தை நெரிச்சுத்தான் தூரத்துல இருக்கிறதுக்குக் காத்து அனுப்ப முடியும். அலுமினிய ஃபாயில்ல சுருங்கி விரியுற குழாய் ஒண்ணு கிடைக்கும், விலை கம்மி, அதைக் கண்ணாலயும் பாக்காதீங்க. ஸ்டீலா பிளாஸ்டிக்கான்னு எதை எடுத்தாலும் பீம், தளத்தைத் தாங்குற ஜாயிஸ்ட் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி குழாய் பாதையை பிளான்ல வரைஞ்சிடணும். கம்பி கம்பியா நடுவுல திறப்பு இருக்கிற வெப் ஜாயிஸ்டா, குறுக்க பெரிய ஓட்டை போட அனுமதி இல்லாத திட மரமாங்கிறது அப்பதான் முடிவாகும், அதுக்கு அப்புறம் எந்த யூனிட்டும் உங்களைக் காப்பாத்தாது.

யூனிட்டை எங்க வைக்கிறதுன்னு கேட்டா, கூரைக்கு அடியில அட்டிக்ல இடம் சும்மா கிடக்கேன்னு எல்லாரும் அங்கதான் கை காட்டுவாங்க. சும்மா கிடக்கிறது வாஸ்தவம்தான், ஆனா அது குளிர்ந்த இடமா இருந்தா வீட்டுக்குள்ள போற வர சூடான குழாய் எல்லாத்துக்கும் தடியா இன்சுலேஷன் சுத்தணும், கண்டென்சேட் பைப் உறைஞ்சு போகும், ஃபில்டர் மாத்த ஏணி ஏறணும், ஏணி ஏறணும்னா யாரும் மாத்த மாட்டாங்க. வெளிச்சுவரை ஒட்டின துவைக்கிற ரூம்தான் சரியான இடம். காரணம் வெளிய இருந்து வர குழாயும் வெளிய போற குழாயும் குளிர்ந்தது, அது வீட்டுக்குள்ள எவ்வளவு நீளம் ஓடுதோ அவ்வளவுக்கு யூனிட் சேமிச்ச சூடு திரும்பக் கரையும், மேல தண்ணி வேற முத்து முத்தா கோத்துக்கும். அந்த ரெண்டும் ஒன்றரை மீட்டர், ரெண்டு மீட்டருக்குள்ள முடியணும், ஈரம் புகாத இன்சுலேஷன் போடணும். வெளிய உறிஞ்சுற வாயும் ஊதுற வாயும் ஒண்ணை விட்டு ஒண்ணு ரெண்டு மூணு மீட்டராவது தள்ளி, கார் நிக்கிற இடத்துக்கும் பாய்லர் புகைக்கும் தூரமா.

இப்ப அந்த 86, 92 விஷயத்துக்கு வருவோம். மணிக்கு 300 கன மீட்டர், உள்ளயும் வெளியயும் 20 டிகிரி வித்தியாசம்னா மொத்தம் தூக்கிப் போடுற சூடு சுமார் 2000 வாட். 86 சதவீத யூனிட் அதுல 280 வாட் விடும், 92 சதவீதம் 160 வாட் விடும். வித்தியாசம் 120 வாட், அதுவும் நல்ல குளிர் நாள்ல மட்டும். ஃபேன் கரண்டைப் பாருங்க: நல்ல டக்ட் இருந்தா கன மீட்டருக்கு 0.3 வாட் அவர், நெருக்கிப் பிடிச்ச டக்டா இருந்தா 0.5ஐயும் தாண்டும். அது 90 வாட்டுக்கும் 150க்கும் உள்ள வித்தியாசம், கோடையோ குளிரோ 365 நாளும், வருஷத்துக்கு 500 யூனிட் கரண்டுக்கு மேல. பாசிவ் ஹவுஸ் சான்றிதழுக்கே 75 சதவீதமும் 0.45 வாட் அவரும்தான் எல்லை. விலை ஏறிக்கிட்டே போற அந்தக் கடைசி ஆறு சதவீதத்துக்காக நான் முழிச்ச ராத்திரிகளை நினைச்சா இப்ப சிரிப்பு வருது.

எக்ஸ்சேஞ்சர் வகையைத் தேர்றதுல மட்டும் கொஞ்சம் நிதானிக்கலாம். சாதா பிளாஸ்டிக் எக்ஸ்சேஞ்சர் சூட்டை மட்டும் எடுக்கும், ஈரம் தண்ணியா சொட்டி வெளிய போகும். என்தால்பி வகை, ஈஆர்வின்னும் சொல்வாங்க, அதோட தகடு ஈரத்தையும் கொஞ்சம் உள்ள திருப்பி அனுப்பும், சூடு மீட்குற சதவீதம் கொஞ்சம் கம்மி, ஆனா குளிர்ல வீடு வறண்டு போகாது, உறையறதும் தள்ளிப் போகும். ஆள் குறைவா ரூம் நிறைய இருக்கிற வீட்டுக்கு, கடுங்குளிர் ஊர்னா, இதைத்தான் சொல்வேன். சிறு வீடு, ஆள் நெருக்கம், உள்ளயே துணி காயப்போடுற குடும்பம்னா சாதாவே போதும், இல்லன்னா ஈரம் உள்ளயே சுத்தும். சுழல்ற சக்கர வகையும் உண்டு, ஈரம் மீட்கும், உறையாது, ஆனா போற காத்து துளி வர காத்தோட கலந்து வாசனை திரும்ப வரும். எங்க யூனிட்ல கட்டையை மட்டும் உருவிட்டு வேற வகை போடலாம்ங்கிறதால சாதாவோட ஆரம்பிச்சு, முதல் குளிர்ல ஈரப்பதம் 31னு மீட்டர்ல பாத்த அப்புறம் என்தால்பிக்கு மாத்தினேன். வாங்குறப்பவே இப்படி மாத்த முடியுமான்னு கேட்டுடுங்க.

மத்ததெல்லாம் வேகமா. வெளிக் காத்து 0க்குக் கீழ மூணு நாலு டிகிரி போனா சாதா எக்ஸ்சேஞ்சர்ல பனி பிடிக்க ஆரம்பிக்கும், அதுக்கு உள்ள வர ஃபேனை மெதுவாக்குற யூனிட்டை விட வெளிக் காத்தை முன்னாடியே சூடாக்குற சின்ன ப்ரீஹீட்டர் இருக்கிற யூனிட் மேல், ஏன்னா முதல் வகை வீட்டுக்குள்ள அழுத்தத்தைக் குறைச்சு, விறகு அடுப்பு இருந்தா புகையை உள்ள இழுக்கும். விறகு அடுப்பு வேணும்னா வெளிய இருந்தே காத்து எடுக்கிற சீல் பண்ணின வகைதான். சமையல் மேடைக்கு மேல மணிக்கு 600 கன மீட்டர் வெளிய தள்ளுற ஹூடும் இதே தொல்லைதான், காத்தை வடிகட்டி உள்ளயே சுத்தி விடுற கார்பன் ஃபில்டர் ஹூட் போட்டுட்டு, வென்டிலேஷன் வால்வை அடுப்புக்குத் தள்ளி வையுங்க, எண்ணெய்ப் பிசுக்கு குழாய்க்குள்ள போகக் கூடாது. கதவுக்குக் கீழ தரைக்கு மேல 10 மி.மீ. இடைவெளி கட்டாயம், அது இல்லன்னா ஊதின காத்து ரூமை விட்டு வெளிய வராது, தச்சர் அழகா இறுக்கமா மாட்டிட்டுப் போயிடுவார், முன்னாடியே சொல்லிடணும். கோடைக்கு எக்ஸ்சேஞ்சரைத் தொடாம காத்து போற பைபாஸ் வேணும், ஆனா அதை ஏசின்னு நினைக்காதீங்க, ராத்திரிக் காத்து 6 டிகிரி குளிர்ச்சியா இருந்தாலும் 300 கன மீட்டர்ல 600 வாட்தான் வெளிய போகும், வெயில் நேரா விழுற ரெண்டு ஜன்னல் அதைப் பகல்ல ஈடுகட்டிடும்.

முழுக்க ஆள் வச்சுப் பண்றதா, நாமளே பண்றதா? குழாய் இழுக்கிறது நாமளே, டிசைன் பணம் குடுத்து, பேலன்ஸ் பண்றது கட்டாயம் மீட்டர் வச்சிருக்கிற ஆளை வச்சு. கடையில வாங்கின, காத்து வேகம் அளக்கிற குட்டி அனிமோமீட்டரை வால்வு முன்னாடி பிடிச்சு நானும் அளந்தேன், ஒரே வால்வுல 18ம் வந்துச்சு 37ம் வந்துச்சு. வந்தவர் வால்வை மூடுற மாதிரி ஒரு துணிக் குடையோட வந்தார், 14 வால்வையும் ரெண்டு சுத்து சுத்தி ஒரு பகல்ல முடிச்சு திருகை இறுக்கிட்டுப் போனார், அதுல இருந்து நான் தொடுறதில்ல. டிசைன் பண்றவர் கிட்ட ஒவ்வொரு ரூமுக்கும் எத்தனை கன மீட்டர், எத்தனை குழாய், அழுத்த இழப்பு எவ்வளவுன்னு தாள்ல கேளுங்க, தர மாட்டேன்னா அது டிசைன் இல்ல, சாமான் பட்டியல்.

இழுக்கிறப்ப ஒவ்வொரு குழாய் வாயையும் உடனே மூடி போட்டு மூடுங்க, டேப் உரிஞ்சு வந்துடும். ப்ளாஸ்டரிங், தேய்ப்பு முடியற வரைக்கும் யூனிட்டை ஆன் பண்ணவே பண்ணாதீங்க. கூரை மூடுறதுக்கு முன்னாடி அளவு டேப்பை வச்சு எண் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்க, என் ரெண்டாவது குழாயை அந்த போட்டோதான் காப்பாத்துச்சு. கண்டென்சேட் பைப்ல தண்ணி நிக்கிற யு வளைவு கோடையில காஞ்சு போயி, யூனிட் அந்த வழியா சாக்கடைக் காத்தை உறிஞ்சி களக் களக்னு சத்தம் போடும், தண்ணியே வேண்டாத ரப்பர் மெம்ப்ரேன் ட்ராப் போட்டா அந்த வேலை மிச்சம்.

ஃபில்டர் வெளிக் காத்துக்கு ஐஎஸ்ஓ 16890ங்கிற ஃபில்டர் தர அளவுல ஈபிஎம்1 50 சதவீதம்னு போட்டிருக்கிறது, பழைய கணக்குல எஃப்7, மகரந்தமும் புகைத்தூளும் நிக்கும். மூணு மாசம் கழிச்சு முதல் தடவை உருவிப் பாத்தப்ப வெள்ளையா போனது அடுப்புக் கரி நிறத்துல வந்துச்சு, மடிப்புக்குள்ள வரிசையா செத்த கொசு. அதை உருவ யூனிட் முன்னாடி 60 செ.மீ. இடம் விடணும்னு மேனுவல்லயே போட்டிருந்துச்சு. நான் 40 விட்டேன். இப்ப ஒவ்வொரு தடவையும் வாஷிங் மெஷினை நகர்த்திட்டுத்தான் ஃபில்டர் மாத்துறேன்.